முளைப்பாரி அறைக்கு நான் கொடுத்த உத்தரவாதம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமாருக்கு,

போன மாதம் நீங்கள் நாலைந்து பேராக அம்பிட்டியவில் என் வீட்டுக்கு ஏறி வந்து என்னிடம் பிரசவக் கதைகளாகவே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். லொறிக்குள் பிறந்த பிள்ளை, கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை, கரண்ட் போன நேரத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்று நானும் அளந்தேன். வாயைப் பிளந்து கேட்டீர்கள். பிள்ளை பெறுகிற காலம் முடிந்துபோன பெண்களைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முப்பத்திரண்டு வருடம் மருத்துவமாதுவாக இருந்த நானும் வெகுகாலம் அதைக் கேட்காமல்தான் இருந்தேன். அதனால் என்ன நடந்தது என்று அன்றைக்கு நேரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் தெல்தெனியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். பழைய தெல்தெனிய டவுன் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்ப் பத்து வருடமாவது ஆகியிருக்கும். நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தான், கெலிஓயாப் பக்கம். அதனால் தோட்டத்துப் பெண்களைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. இந்தக் கதை முழுவதும் அந்தத் திமிரின் கதைதான்.

பழனியம்மா என்று தேயிலை பறிக்கிற ஒரு கொழுந்துக்காரி. என்னைவிட ஏழு வயது மூத்தவள், ஆனாலும் எனக்கு அவள் சிநேகிதி மாதிரி. அவளுடைய கடைசி இரண்டு பிள்ளைகளையும் என் கையால்தான் எடுத்தேன். நாற்பத்தேழு வயதில் ஒருநாள் டிஸ்பென்சரிக்கு வந்து, கதிரையில் உட்காராமல் சுவரோரம் நின்றாள். இடது கையில் பூசாரி கட்டிய கறுப்புக் கயிறு இருந்தது.

"மிஸ்ஸி, எனக்கு என்னமோ பிடிச்சிருக்கு" என்றாள். "மலையில நிக்கையில நெஞ்சுக்குள்ளருந்து தீ கிளம்பி மூஞ்சி வரைக்கும் ஏறுது. எல்லாரும் குளுருல கம்பளியப் போத்திக்கிட்டு நிக்கிறாளுக, நான் தூக்கி எறிஞ்சிட்டு நிக்கிறேன்."

பக்கத்து நிரையில் நின்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். கங்காணி ஏதோ அசிங்கமாகச் சொல்லியிருக்கிறார். தூக்கம் வருவதில்லை, வந்தாலும் வியர்வையில் நனைந்து எழும்புகிறாள். காரணமில்லாமல் கோபம் வருகிறது. புருஷன் மேல் சோற்றுச் சட்டியை எறிந்துவிட்டு, அவன் சோற்றைப் பொறுக்குவதைப் பார்த்து இவளே அழுதிருக்கிறாள். நெஞ்சு திடீரென்று படபடக்கிறது. முழங்கால் வலி. ஒருநாள் கூடையை வீட்டிலேயே மறந்துவிட்டு மலைக்குப் போய்விட்டாள். இருமினால் சேலை நனைகிறது. கடைசியாக, தலையைக் குனிந்துகொண்டு, புருஷன் பக்கத்தில் வந்தாலே எரிகிறது என்றாள். மாதவிலக்கு இரண்டு மாதம் வராமல் இருக்கிறதாம், பிறகு வந்தால் ஒரேயடியாக வருகிறதாம்.

நான் கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. உட்கார வைத்து, இது பேயும் இல்லை, கிறுக்கும் இல்லை, மாதவிலக்கு நிற்கப் போகிற காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சமோ அதிகமோ வருவதுதான் என்று சொன்னேன். சூலகத்தின் சுரப்புகள் குறையும்போது உடம்பு இப்படித் தடுமாறும், சில வருடத்தில் அடங்கிவிடும் என்றேன். நன்றாகவே சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று மருமகள் பேசுவதாகச் சொல்லி அழுதாள். அடுத்த வாரம் அவளே இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்ன ஒரு வசனம் மட்டும் பிழை. பிழை என்றுகூட இல்லை, பாதி. "முழுசா ஒரு வருஷம் வரலன்னா அத்தோட முடிஞ்சுதுக்கா. அதுக்கப்புறம் அது உங்க பக்கம் எட்டிப் பாக்காது" என்றேன். அப்படி எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் என்னிடம் வர வேண்டும் என்ற மற்றப் பாதியைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததல்ல. பயிற்சியில் படித்ததுதான். சந்தோஷமாகப் போகிறவளைப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து, மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிவிட்டதென்று வந்து சொன்னாள். சிரித்த முகத்தோடு சொன்னாள். வேகாத வெயிலிலும் கொட்டும் மழையிலும் மலையில் நின்றுகொண்டு துணி மாற்ற இடம் தேடுகிற பாடு இனி இல்லை அல்லவா. நான் குடும்பப் பதிவேட்டை எடுத்துச் சிவப்பு மையால் அவள் பெயரை வெட்டினேன். அதுதான் நம் வேலை முறை, உங்களுக்கும் அதையே கற்றுக் கொடுத்திருப்பார்கள். பிள்ளை பெறக்கூடியவர்களின் வீட்டுக்குத்தான் நாம் போவோம். பெயரை வெட்டிய பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்ட நமக்கு வேலை இல்லை.

அந்த வருடப் பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் கோயில் தலைவர் என் குவாட்டர்ஸுக்கு வந்தார். நல்ல மனிதர், தோட்டத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினார்.

எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலில் முளைப்பாரி போடுவார்கள். மண் சட்டிகளில் எருவும் வைக்கோலும் போட்டுப் பயறு விதைத்து, கோயிலை ஒட்டிய சின்ன அறையில், ஜன்னலைச் சாக்கால் மூடி, ஒன்பது நாள் இருட்டில் வளர்ப்பார்கள். முளை எப்படி வளர்கிறதோ அப்படித்தான் அந்த வருடம் தோட்டத்துக்கு என்பது நம்பிக்கை. அந்த அறைக்குள் ஒரே ஒருத்திதான் போகலாம். அவள் விரதம் இருந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். மாதவிலக்கு முற்றாக நின்றவளாகவும் இருக்க வேண்டும். அதுவரை அதைச் செய்துவந்த கிழவி கண் தெரியாமல் மகன் வீட்டோடு போய்விட்டாள். பழனியம்மாவைப் போடலாம் என்று கமிட்டியில் பேச்சு. ஆனால் அதை ஆம்பிளைகள் போய் அவளிடம் எப்படிக் கேட்பது. அதனால் என்னிடம் வந்திருக்கிறார்.

"அந்தம்மாவுக்கு எல்லாம்... முடிஞ்சிருச்சுங்களா மிஸ்ஸி? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார்.

எனக்கு எத்தனை வயது, நான் யார், அவள் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் வாசலுக்கு வந்து என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார் என்ற மிதப்பில், "வருஷம் தாண்டிருச்சுங்க. இனி வராது. அதுக்கு நான் உத்தரவாதம்" என்றேன். அன்று மாலையே கோயில் மண்டபத்தில் அத்தனை பேருக்கும் முன்னால், மிஸ்ஸியே உத்தரவாதம் கொடுத்துவிட்டார் என்று அறிவித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த பழனியம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த வருடம் முளை நன்றாக வந்தது. பொங்கலில் முதல் பங்கை வாழையிலையில் வைத்து எனக்குக் கொடுத்தனுப்பினார்கள், நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன்.

அடுத்த பங்குனி வந்தது. இம்முறை தனக்கு முடியாது, முழங்கால் வலி என்று பழனியம்மா சொல்லிவிட்டாளாம். தலைவர் மறுபடியும் என்னிடம் வந்தார், ஆளோடு ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்று. நான் போனேன். பெயரை வெட்டிய பிறகு அந்த லயத்துக் காம்பரா வீட்டுக்கு நான் போனது அன்றைக்குத்தான்.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. எழும்பும்போது சுவரைப் பிடித்தாள். தங்கச்சிமாரே, அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். களைப்பு, அது மாதவிலக்கு நின்றதால். தூக்கமில்லை, அதுவும் அதனால். மூட்டு வலி, அதனால். வெளுத்துப்போயிருப்பது சாப்பாடு போதாமல். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி மூலையில் வைத்துவிட்டேன். பையிலிருந்து இரும்புச்சத்துக் குளிசை எடுத்துக் கொடுத்தேன். இந்த வயதில் முழங்கால் எல்லோருக்கும்தான் வலிக்கும், அம்மன் காரியத்தைத் தட்டிக் கழிக்கலாமா என்று ஒரு பிரசங்கமும் செய்தேன்.

மருமகள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் வரைக்கும் பழனியம்மா காத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நின்னது நின்னதுதானா மிஸ்ஸி?"

"நின்னது நின்னதுதான்கா. நான்தான் சொல்லுறேன்ல" என்றேன்.

அவள் அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, சரி மிஸ்ஸி, நானே செய்யுறேன் என்றாள். வந்த வேலையை முடித்துவிட்ட திருப்தியோடு நான் இறங்கி வந்தேன்.

விதைத்து ஆறாம் நாள் காலை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். தண்ணீர் தெளிக்க உள்ளே போன பழனியம்மா வெளியே வரவில்லை, கூப்பிட்டால் சத்தமில்லை. நான் போனபோது கோயில் வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். அவள் புருஷன் கதவுக்கு முன்னால் குந்தியிருந்து, "ஏ புள்ள, ஏ புள்ள" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அரை மணி நேரமாக அப்படியே நிற்கிறார்களாம். ஒருத்தர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. ஆண்கள் போகக் கூடாது. பெண்களில் போகக்கூடியவள் உள்ளேதான் கிடக்கிறாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர், "மிஸ்ஸி, நீங்க..." என்று தொடங்கிவிட்டு முடிக்க முடியாமல் நின்றார். எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. அது மட்டுமில்லை, அன்றைக்கு எனக்கு மூன்றாம் நாள். இதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அந்த வாசலில் அந்த முகங்களோடு முகமாக நானும் படியைத் தாண்டாமல் நின்றேன். படித்தவள், சீருடை போட்டவள், ஆனாலும் அந்த அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தைரியத்தில் போகவில்லை. அவள் செத்துப்போனால் என்ன செய்வேன் என்ற பயத்தில் போனேன்.

இருட்டு. எருவின் ஈர வாடை. அதற்கு மேலாக இன்னொரு வாடை. பிரசவம் பார்த்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டோர்ச்சை அடித்தேன். சட்டிகளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, மறுபக்கச் சுவரோடு ஒட்டி விழுந்து கிடந்தாள். பக்கத்தில் ஒரு நீளமான கம்பு, அதன் நுனியில் துளையிட்ட பால்மா டின் கட்டியிருந்தது. சட்டிகளுக்குப் பக்கத்தில் போகாமல் அங்கிருந்தே தண்ணீர் தெளித்திருக்கிறாள். சேலைக்குள் பழைய துணிகளை மடித்து மடித்து, அதற்கு மேல் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கையும் சுற்றிக் கட்டியிருந்தாள், ஒரு சொட்டும் அம்மனின் தரையில் விழக் கூடாதென்று. அத்தனையையும் தாண்டி நனைந்திருந்தது. பதினெட்டு வருடச் சேவையில் முதல் தடவையாக என் வேலை எனக்கு மறந்துபோய் நின்றேன்.

நாடி இருந்தது. கன்னத்தில் தட்டியதும் கண்ணைத் திறந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"வெளிய சொல்லிராதீங்க மிஸ்ஸி. கும்புட்டுக் கேக்குறேன்."

அவளுடைய கறுப்புக் கம்பளி மூலையில் கிடந்தது. கழுத்திலிருந்து கால்வரை அதில் சுற்றினேன். வாசலுக்கு வந்து, விரதத்தில் மயங்கிவிட்டாள், உடனே லொறி வேண்டும், யாரும் கிட்ட வரவேண்டாம் என்று கத்தினேன். பாதி பொய்தான். ஆனால் அந்த வாசலில் முழு உண்மையைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று அப்போதாவது எனக்கு உறைத்தது. புருஷன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தூக்கி லொறியில் ஏற்றினோம். தெல்தெனியவில் அம்புலன்ஸ் கிடைத்தது. திகன தாண்டிக் கண்டிக்குள் போகும் வரைக்கும் ஒரு கையால் நாடியையும் மற்றக் கையால் துணியையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கண்டியில் அவளைப் பார்த்த டொக்டர் சிங்களப் பெண், இளம் வயது. தமிழ் தெரியாது. ரத்தம் ஏற்றி ஆள் தெளிந்த பிறகு, நானே நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். எப்போது நின்றது, எப்போது மறுபடி தொடங்கியது என்று கேட்டார். ஆடி மாதத்திலிருந்து என்றாள் பழனியம்மா. முதலில் கறையாகத்தானாம், பிறகு கூடிக்கூடி வந்ததாம். எட்டு மாதம். எட்டு மாதமாக ரத்தம் போக மலை ஏறிக் கொழுந்து எடுத்திருக்கிறாள். நான் அவளுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேளுங்கள் என்றார் டொக்டர். கேட்டேன். பழனியம்மா டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

"இனி வராதுன்னு மிஸ்ஸிதான சொன்னீங்க. கோயில்லயும் உத்தரவாதம் குடுத்துட்டீங்க. வந்துச்சுன்னு நான் சொன்னா, மிஸ்ஸி பொய் சொன்னதா ஆயிருமே. ஊரே உங்களப் பேசுமே."

டொக்டர் பேனாவோடு காத்திருந்தார். தங்கச்சிமாரே, என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? வெட்கத்தில் வரவில்லையாம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவ்வளவு சுலபமாக வந்தது. டொக்டர் பெருமூச்சு விட்டு அதை எழுதிக்கொண்டே, வெட்கத்தாலேயே இந்தப் பெண்கள் செத்துப்போகிறார்கள் என்றார். பழனியம்மாவுக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுதியதை வெட்டுங்கள் டொக்டர், அவள் சொன்னது அதுவல்ல என்றேன். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன், அந்த மிஸ்ஸி நான்தான் என்பதையும் சொன்னேன்.

டொக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. திரும்ப வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தீர்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதியதை வெட்டித் திருத்தினார்.

கருப்பையில் புற்று. சோதனை முடிவு வந்தபோது வெளியேயும் பரவத் தொடங்கியிருந்தது. ஆடியிலேயே வந்திருந்தால் கருப்பையை எடுப்பதோடு முடிந்திருக்கலாம் என்றார்கள். ஒப்பரேஷன் செய்தார்கள், புற்றை எரிக்கக் கதிர்க் கரண்ட் வைத்தார்கள். ஒன்றரை வருடம் இருந்தாள். அந்த ஒன்றரை வருடமும் ஒவ்வொரு வாரமும் அவள் காம்பராவுக்குப் போனேன். ஒருநாள்கூட என்னைக் குத்திக்காட்டவில்லை. அதற்காக எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்ததுண்டு. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உடம்பு கொதிக்கிறது, தூக்கமில்லை, மனது நிலையில் இல்லை, எலும்பு வலிக்கிறது என்று ஒருத்தி வந்தால், இது உனக்கு மட்டும் வருவதல்ல என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கே பாதிப் பயம் போய்விடும். ஆனால் அவள் சொல்வதையெல்லாம் அந்த ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சின்னக் கறை பட்டாலும் அன்றைக்கே வா என்று, அவள் சந்தோஷமாகப் போகும்போதே சொல்லிவிடுங்கள். பயந்தால் பயப்படட்டும். பெயரை வெட்டினாலும் வீட்டுக்குப் போங்கள். இன்னொருத்தியின் உடம்புக்கு, கேட்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், நீங்கள் உத்தரவாதம் கொடுக்காதீர்கள்.

பழனியம்மா வார்டில் இருந்தபோதே திருவிழா முடிந்துவிட்டது. மீதி மூன்று நாளும் அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. ஒன்பதாம் நாள் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தாராம். நானும் பழனியம்மாவும் அப்படி உள்ளே போய் வந்த பிறகும், முளைகள் ஒரு குறையுமில்லாமல் முழங்கை உயரத்துக்கு நின்றிருக்கின்றன. அம்மனுக்கு எங்கள் இருவர் மேலும் ஒரு புகாரும் இல்லை. ஆட்கள்தான் விடவில்லை.

கண்டியிலிருந்து நான் தோட்டத்துக்குத் திரும்பிப் போன அன்று காலை, பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடியிருந்தபோது தலைவர் என்னிடம் வந்தார். ஆட்கள் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள், கம்பளியில் கறை இருந்ததாக லொறிக்காரர் சொல்கிறார் என்றார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அது தீட்டுத்தானுங்களா மிஸ்ஸி? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது" என்றார்.

போன வருடம் கேட்ட அதே குரல், அதே மரியாதை. "அவங்க உடம்பப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க" என்றேன். "போன வருஷம் நீங்க கேட்டதும் தப்பு, நான் சொன்னது அதவிடப் பெரிய தப்பு." பிறகு அவரை விட்டுவிட்டு அங்கே நின்ற பெண்களைப் பார்த்துப் பேசினேன். நின்றால் அத்தோடு முடிந்தது என்று உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன், நின்ற பிறகு மறுபடி வந்தால் அது தீட்டு அல்ல, வியாதியாக இருக்கலாம், ஒளித்தால் உயிர் போகும் என்றேன். பழனியம்மாவின் பெயரை எடுக்கவில்லை. ஆண்கள் செருமிக்கொண்டு கலைந்தார்கள். தலைவர் முகம் கறுத்துப் போய்விட்டது.

மறுநாள் காலை டிஸ்பென்சரியைத் திறக்கப் போனபோது தலைவரின் மனைவி பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றாள். ஐம்பத்தைந்து வயது. திருவிழாவில் பெண்களுக்கு முன்னால் நின்று கும்மி தொடங்குகிறவள். புருஷனை அவமானப்படுத்திவிட்டேன் என்று சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நேற்று நான் சொன்னது தனக்கும் இருக்கிறது என்றாள். எப்போதிருந்து என்று கேட்டேன்.

"பழனியம்மாவுக்கு முந்தியே மிஸ்ஸி" என்றாள். "மொதல்ல அவரு என்னத்தான் முளைப்பாரிக்கு நிக்கச் சொன்னாரு. எனக்கு நின்னு போன பொறவும் அப்பவே கறை பட்டுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு இன்னும் நிக்கலன்னு பொய் சொல்லிட்டு, பழனியம்மாவுக்கு நின்னுருச்சு, வேணும்னா மிஸ்ஸிகிட்ட கேட்டுப் பாருங்கன்னு நான்தான் அவர உங்ககிட்ட அனுப்பினேன்."

கதவைத் திறக்காமல் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கண்டி பஸ்ஸுக்கு நடந்தேன்.